அண்ணனும் திரைச்சீலையும்

பிப்ரவரி 9

விசாரணைக் குழுவின் முன் நான் சொல்ல வேண்டியவை (உத்தேசம்):

1. அண்ணனின் பிறப்பு, படிப்பு. (சுருக்கமாக. அக்கா சொல்வது போல நீட்டக் கூடாது.)
2. குருமடத்தில் சேர்ந்தது. அப்பா வெகுநாள் பேசாமல் இருந்தது.
3. கப்பல் ஏறிப் போனது. (நான் அழுததைச் சொல்ல வேண்டியதில்லை.)
4. அவனுக்குப் பயம் என்பதே கிடையாது. சான்றுகள்: மாடிப்படி, நாய் வளர்த்த வீடு, பல் வைத்தியர்.
5. அவன் தனியாக நின்று இறந்தது. நமக்குத் தெரிந்த மட்டும்.
6. எங்கள் வீட்டில் யாரும் அவனைப் புனிதராக வணங்கவில்லை என்பது.

ஆறாவதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அக்கா அவன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறாள்.

சரி. ஆறாவதைப் பிறகு பார்க்கலாம்.

குறிப்பு எழுதாமல் எனக்கு எதுவும் ஓடாது. குடிநீர்த் துறையில் வரைவாளனாக இருந்தவன். மண்ணுக்குள் போகிற குழாயை முதலில் தாளில் போட்டுப் பார்த்தாக வேண்டும். தோண்டிய பிறகு யோசிக்க முடியாது. ஆனால் போட்ட கோட்டை நம்பாமல் திரும்பத் திரும்ப அழிப்பேன். அலுவலகத்தில் எனக்கு 'ரப்பர்' என்று பெயர். ஓய்வு பெற்ற அன்று ஒரு பெட்டி நிறைய ரப்பர் பரிசாகக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ரப்பர்கள் இன்னும் இருக்கின்றன. நல்ல ரகம்.

அண்ணன் கடல் கடந்து போன கத்தோலிக்கக் குரு. ஓர் ஆற்றங்கரை ஊரில் நோயாளிகள் இல்லம் நடத்தினான். கலகம் வந்தபோது வெளிநாட்டார் எல்லோரும் கடைசிப் படகில் ஏறிவிட வேண்டும் என்று உத்தரவு. மற்றவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, எழுந்து நடக்க முடியாதவர்களோடு அவன் தங்கிவிட்டான். மறுநாள் காலை ஆயுதத்தோடு வந்தவர்கள் சிலுவையைக் கழற்றிப் போடச் சொன்னார்களாம். மாட்டேன் என்றானாம். முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். உடல் வரவில்லை. சபைத் தலைமையிலிருந்து வந்த செய்தியில் 'தனியாக நின்றார்' என்று ஒரு வரி இருந்தது. அக்காவை அந்த ஒரு வரி இன்றுவரை விடவில்லை.

இப்போது, இத்தனை காலம் கழித்து, அவனை மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவன், என்று அறிவிக்கலாமா என்று திருச்சபை விசாரிக்கிறது. ஏப்ரலில் நான் போய்ச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

நான். அவனைத் தவிர உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்தவன்.

பிப்ரவரி 10

மதியத் தூக்கத்தில் பழைய கனவு. நீளமான நடைகூடம். தரையெல்லாம் ஈரம், ஈரத்தில் வெளிச்சம் கிடந்து ஆடுகிறது. அண்ணனின் முதுகு முன்னால் போகிறது. கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. இந்தக் கனவில் அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 13

நாலாவது குறிப்பை விரித்து எழுதிப் பார்த்தேன்.

மாடிப்படி: பழைய வீட்டில் படிக்கட்டுக்கு விளக்கு கிடையாது. சாயங்காலம் மாடி ஜன்னல்களைச் சாத்த எங்கள் இரண்டு பேரையும் அனுப்புவார்கள். அண்ணன் என் சட்டையின் இடது கையைப் பிடித்துக்கொள்வான். எனக்குத் தைரியம் வரும்.

நாய் வளர்த்த வீடு: பள்ளிக்கூடம் போகும் வழியில். மேற்படி.

பல் வைத்தியர்: முன்னறை பெஞ்சு. மேற்படி.

சேர்க்க வேண்டாத விவரம்: என் சட்டைகளில் இடது கைப் பொத்தான் துளை மட்டும் எப்போதும் கிழிந்துவிடும். அம்மா தைத்துத் தைத்து அலுத்துப்போவாள். "இடது கையில மட்டும் அப்படி என்னடா பண்ற? அதுவும் பின்பக்கமாவே கிழியுது!" எனக்குப் பதில் தெரியாது. அழுவேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா எழுதற?"

"அண்ணன் பயப்படாததை."

"அதை எழுத வேற செய்யணுமா? ஊருக்கே தெரியும். உன் பயத்தை எழுதிப் பாரு, நோட்டு பத்தாது."

பிப்ரவரி 20

இன்று வீட்டைப் பார்வையிட இரண்டு குருக்கள் வந்தார்கள். ஒருவர் எழுத்தர், சொல்வதை எல்லாம் பதிவு செய்கிறவர், இளையவர், கன்னத்தில் குழி விழும். மற்றவர் ஒல்லியாக, உயரமாக, நரைத்த புருவத்தோடு. ஒவ்வொரு சாட்சியையும் மறுத்துக் கேள்வி கேட்பதுதான் அவர் வேலை. மனசுக்குள் அவருக்கு எதிர்க்கேள்விச் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றியபோதே எனக்கு வியர்த்துவிட்டது.

அவர்கள் வந்த காரணம் ஆறாவது குறிப்பு. திருச்சபை அறிவிக்கும்வரை இறந்தவரைப் புனிதர் போல யாரும் வணங்கக் கூடாது. முந்திக்கொண்டு வணங்கினால் வழக்கே நின்றுபோகும். அன்பு கூடிப்போய் ஒருவனைத் தோற்கடிக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

அவர் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"இது என்னம்மா?"

"விளக்கு சாமி," என்றாள் அக்கா.

"அது தெரியுது. யாருக்கு?"

"என் தம்பிக்கு. பெரியவனுக்கு."

"அவர்கிட்ட ஏதாவது வேண்டிக்கிறீங்களா?"

"நான் எதுக்கு சாமி அவன்கிட்ட வேண்டணும்? அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவளே நான்தான்."

எழுத்தர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"அப்புறம் எதுக்கு ஏத்துறீங்க?"

அக்கா திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டாள். "தனியா நின்னு செத்தான். இருட்டுலயும் தனியா இருக்க வேணாம்னு."

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்போம். அவர் சும்மா கேட்பது போலக் கேட்டார், "வெளி ஆளுங்க யாராவது வருவாங்களா?"

"வராம? பரீட்சை எழுதற பிள்ளைங்க எல்லாம் வந்து நின்னுட்டுப் போவாங்க. போன வருஷம் ஒருத்தனைத் தவிர எல்லாரும் பாஸ்."

துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி என் கையிலிருந்து கீழே விழுந்தது.

"அந்த ஒருத்தன் புத்தகத்தையே தொடலை சாமி," என்று அக்கா அண்ணனுக்காக வாதாடினாள்.

பிறகு அவர் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கி வண்ணம் தீட்டிய படம். அண்ணன் அங்கியில் நிற்கிறான். பக்கத்தில் கருஞ்சிவப்பில் ஒரு திரைச்சீலை. தலைக்குப் பின்னால், வெள்ளையும் மஞ்சளுமாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒளிவட்டம்.

"இதை யார் போட்டது?"

"ஸ்டுடியோக்காரர்," என்றேன். நானே போட்டது போலத்தான் என் குரல் கேட்டது.

"ஏப்ரலுக்குள்ள இந்த வட்டம் போயிடணும். விளக்கும் இங்க இருக்கக் கூடாது."

"படத்தையே எடுத்துடணுமா ஃபாதர்?"

"வேணாம். அண்ணன் படம் மாட்டிக்கலாம். புனிதர் படம்தான் மாட்டக் கூடாது."

பிப்ரவரி 21

அக்கா பேசவில்லை. தட்டை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

பிப்ரவரி 24

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"கண்ணு முழுசா மறையறதுக்குள்ள அவனைப் பீடத்துல வச்சுப் பார்த்துடணும்னு கிடக்கேன். அதுக்கு அவன் தலையில இருக்கறதைப் பிடுங்கணுமாம். நல்லா இருக்குடா நியாயம்."

"விதி அப்படிக்கா."

"உனக்கென்ன, நீ விதிக்கும் பயப்படுவ, விதி போட்டவனுக்கும் பயப்படுவ." பிறகு வேறு குரலில் சொன்னாள். "எனக்கு இப்ப எல்லாம் மங்கல்டா சின்னவனே. செவுத்துல அந்த வட்டம் மட்டும்தான் வெளிச்சமாத் தெரியுது. அதை வச்சுத்தான் அவன் எங்க நிக்கறான்னு கண்டுபிடிக்கிறேன். அதையும் துடைச்சுட்டா அவன் எங்க இருக்கான்னு தேடுவேன்?"

பல வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்று நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

பிப்ரவரி 27

ஸ்டுடியோக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஊரில் அவருக்கு 'மின்னல்' என்று பெயர். அந்தக் காலத்தில் படம் எடுக்கும்போது வெளிச்சம் அடிப்பதற்கு முன்பே அவர் கண்ணை மூடிக்கொள்வார். இப்போது கடையை மகள் பார்க்கிறாள். அவர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் முகத்துக்கு மதிப்பெண் போடுகிறார்.

"வட்டத்தை நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?"

"நான் சொல்லலை."

"அப்ப உங்க அக்கா."

"அக்கா கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்னுதான் சொன்னா."

"பளிச்சுன்னா வட்டம்தானே சார்! அதுக்குக் காசுகூட வாங்கலை."

ஈரப் பஞ்சு போதும், தண்ணீர் வண்ணம்தான், அடியில் உள்ள படத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார். "ஆனா பார்த்து. திரையும் அதே வண்ணம். ஒண்ணு கரைஞ்சா இன்னொண்ணும் வரும்."

"வந்தா என்ன? திரைதானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது திரையில்ல சார். நீங்க."

விளங்கவில்லை.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல எடுத்த படம் அது. கப்பல் ஏறுற அன்னிக்கு. ரெண்டு பேரும் ஒட்டி நிப்பீங்க. அவர் இறந்தப்புறம் உங்க அக்கா கொண்டு வந்து, பெரியவன் மட்டும் போதும்னாங்க. உங்களை வெட்டினா அவர் தோளும் சேர்ந்து போகும். அதான் உங்க மேல ஒரு திரையைத் தொங்கவிட்டேன். மடிப்பு எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாருங்க. நீங்க ஒல்லி, அதான்."

திரும்பி வரும்போது தெருவில் எல்லாமே கொஞ்சம் மிதந்தன. அந்த அறையில் நான் தினமும் கடந்து போகிற திரைச்சீலை நான்தான்.

மார்ச் 2

கனவு. நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். கருஞ்சிவப்பு. எனக்கு எடை இல்லை. காற்று வரும்போது என் மடிப்புகள் விரிகின்றன. விரிகிற இடத்தில் கடல் தெரிகிறது, மூடுகிற இடத்தில் மறைகிறது. மடிப்புக்கு மடிப்பு ஒரு கப்பல் தள்ளிப் போகிறது. பயமாக இல்லை. திரைச்சீலைக்கு என்ன பயம்?

மார்ச் 5

அக்காவே விளக்கை எடுத்துச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள். "கண்ணு தெரியாதவ வீட்டுல விளக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்தா அவரை வந்து சொல்லச் சொல்லு."

பிறகு சொன்னாள், "படத்தை நீயே துடை. வெளி ஆள் கை படக் கூடாது. உன் கை நடுங்கினா அப்படியே விட்டுடு."

"நடுங்காதுக்கா. அழிக்கறதுல நடுங்காது."

மார்ச் 8

வரைபலகையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி, நாலு மூலையும் ஒட்டுத்தாள் போட்டு நிறுத்தினேன். கிண்ணத்தில் தண்ணீர். தீக்குச்சியில் சுற்றிய பஞ்சு. தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். வண்ணம் தானாக வர வேண்டும்.

வந்தது. முதலில் மஞ்சள், பிறகு வெள்ளை. தண்ணீர் பால் போல ஆயிற்று. வெயில் கிண்ணத்தில் விழுந்து கூரையில் ஆடியது. அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒளிவட்டம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணச் சுவர் தெரிந்தது; காரை பெயர்ந்த சுவர். இத்தனை காலம் அவன் தலைக்குப் பின்னால் இருந்தது அதுதான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

"இப்ப அவன் எப்படி இருக்கான்?"

"அண்ணன் மாதிரி இருக்கான்."

அவள் எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 9

வட்டத்தின் ஓரத்தில் திரையும் கொஞ்சம் கரைந்திருக்கிறது. அங்கே ஏதோ தெரிகிறது. அது என் காது.

மார்ச் 11

விதி ஒளிவட்டத்தை மட்டும்தான் சொன்னது. திரையைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒருவனைப் பாதிக் காதோடு அப்படியே விட்டுவிட முடியுமா?

மார்ச் 13

நெற்றி வரை வந்துவிட்டேன். எவ்வளவு முடி.

மார்ச் 16

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் என் தோள் வந்தது. பிறகு இடது கை. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருப்பதாக இதுவரை நம்பியிருந்தேன். துறைமுகத்தில் ஊதல் ஊதியது. நான் அண்ணனின் கையைப் பிடித்துத் தொங்கி அழுதேன். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். இத்தனை வயதிலும் அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

படத்தில் என் கை சும்மா தொங்குகிறது. யாரையும் பிடிக்கவில்லை.

முழங்கைக்குக் கீழே வண்ணம் கெட்டியாக இருந்தது. மின்னல் அங்கே இரண்டு மடிப்புகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார். பஞ்சை வைத்து எடுத்து, வைத்து எடுத்து — மத்தியானம் ஆகிவிட்டது. மணிக்கட்டு. பொத்தான் போடாத கைப்பட்டி. அதன்மேல் வேறொரு கையின் விரல்கள்.

அண்ணனின் வலது கை. என் சட்டைக் கையின் பொத்தான் துளைக்குள் கட்டைவிரலை விட்டு, அடிக்கணு வரைக்கும் விட்டு, துணியைச் சுருட்டிப் பிடித்திருக்கிறான். நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு.

முகம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கை தெரியாது. தெரியாதா? தெரியும். இடது கை, பொத்தான் துளை. அம்மாவின் ஊசி.

கிண்ணத்துத் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருந்தது. கொட்ட மனசு வரவில்லை.

மார்ச் 17

மேலிருந்து பார்க்கிற மாதிரி, தாளில் மாடிப்படியின் கிடைப்படம் போட்டேன். இந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் கைப்பிடி. யார் முன்னால் போனது? துளை எப்போதும் பின்பக்கமாகக் கிழிந்தது. பின்னாலிருந்து இழுத்தால்தான் அப்படிக் கிழியும். அப்படியென்றால் முன்னால் ஏறியது நான். என்னை அழைத்துப் போனவன் பின்னால் வந்தான்.

நாய் வளர்த்த வீட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். நாய் இருந்த பக்கம் நான்.

பல் வைத்தியரிடம் முதலில் உள்ளே போனது நான். அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பொடியனாக இருந்த என்னை முன்னால் விட்டுவிட்டு... இல்லை, கோபம் இல்லை. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் வந்தான். பயந்துகொண்டே வந்தான். வராமல் இருந்ததில்லை.

மார்ச் 19

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பொய்!" என்றாள். "உனக்குத் துணைக்கு ஆள் வேணும்னு அவனையும் பயந்தாங்கொள்ளி ஆக்கறியா?"

"படத்துல இருக்குக்கா."

"என் கண்ணுக்குத் தெரியாத படம். நீ சொல்றதுதான் படம்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இதை அங்க போய்ச் சொல்லப்போறியா? எல்லாரும் அவன் சிரிச்சுக்கிட்டே நின்னான்னு சொல்லும்போது, கூடப் பிறந்தவன் நீ போய் அவன் பயந்தான்னு சொல்லப்போறியா? அந்த ஒல்லிச் சாமியார் அதுக்குத்தான்டா காத்துக்கிட்டு இருக்காரு. மூடிட்டுப் போயிடுவாரு கேஸை. அப்புறம் நான் எதைப் பார்க்க உயிரோட இருக்கணும்?"

"சத்தியம் பண்ணிட்டு எப்படிக்கா —"

"சொல்லாம விடறது பொய்யாடா?"

அது எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

மார்ச் 24

நாலாவதை எடுத்துவிட்டு ஐந்து குறிப்பாக எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ரப்பரை எடுத்து எடுத்து வைத்தேன்.

நான் என்ன நினைக்கிறேன்? பயந்தவன் மறைசாட்சி ஆக முடியாது என்றா? அல்லது, பயந்தவன்தான் அவன் என்றால், இத்தனை காலம் நான் எதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றா? என் பயத்தை ஒரு நோய் மாதிரி வைத்துக்கொண்டு, அவனுக்கு அது இல்லை, அதனால் அவன் போனான், எனக்கு இருக்கிறது, அதனால் நான் குழாய் வரைந்தேன் என்று கணக்கை முடித்து வைத்திருந்தேன்.

மார்ச் 30

படத்தைச் சட்டத்தில் போட்டு மறுபடி மாட்டினேன். இரண்டு பேர். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 5

நாளை போக வேண்டும். சலவைச் சட்டை எடுத்து வைத்தேன். மதியம் கண்ணயர்ந்தபோது அதே நடைகூடம், அதே ஈரம். ஆனால் இந்த முறை எனக்கு முன்னால் யாரும் இல்லை. அண்ணனைக் காணோமே என்று நிற்கிறேன். அப்போது இடது கையைப் பின்னாலிருந்து யாரோ மெல்ல இழுத்தார்கள்.

திரும்புவதற்குள் விழித்துவிட்டேன்.

ஏப்ரல் 6

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து இரண்டு சத்தியம் செய்தேன்: உண்மை சொல்வேன், உள்ளே நடந்ததை விசாரணை முடியும்வரை வெளியே சொல்ல மாட்டேன். நாட்குறிப்பில் எழுதலாமா என்று கேட்டேன். எழுத்தரின் கன்னத்தில் குழி விழுந்தது. என் பதிலை எனக்காக எழுதி வைத்துக்கொள்ளலாம், கேள்விகளை எழுத வேண்டாம், யாருக்கும் காட்டவும் கூடாது என்றார். அப்படியே செய்கிறேன்.

பெரிய மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று குருக்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். குழாயில் அழுத்தம் போதவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. நான் குறிப்புத் தாளை எடுத்து விரித்தேன்.

"தாளைப் பார்க்காம சொல்லுங்க ஐயா," என்றார் எதிர்க்கேள்விச் சாமியார்.

மடித்துப் பையில் வைத்தேன். காலுக்குக் கீழே தரை இருப்பதை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று எப்படியோ வந்தன. பிறகு நாலாவதற்கான கேள்வி வந்தது. என் பதில்: "பயப்படுவான் ஃபாதர். பயப்பட மாட்டான்னுதான் நான் இவ்வளவு நாள் நினைச்சேன். எழுதிக்கூட கொண்டு வந்தேன். ஆனா பயப்படுவான்."

அவர் புருவம் உயர்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அக்காவின் முகம் வந்து போயிற்று.

பிறகு அவர் அண்ணனின் கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அங்கே நான் இல்லை. எனக்கு என்ன தெரியும்? தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அவற்றுக்கு நடுவில் ஒன்று கேட்டார். அதை எழுதக் கூடாது. அண்ணனின் கையைப் பற்றியது என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

என் பதில்: "உண்டு ஃபாதர். பயம் வந்தா பக்கத்துல இருக்கறவங்க சட்டைக் கையைப் பிடிச்சுக்குவான். சும்மா பிடிக்க மாட்டான். பொத்தான் துளைக்குள்ள கட்டைவிரலை விட்டுச் சுருட்டிப் பிடிப்பான். துளை கிழிஞ்சுடும். எங்கம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

எழுத்தரின் பேனா நின்றது.

"கொஞ்சம் மெதுவா, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார். சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டார்கள். அது எனக்கே தெரிந்தது.

"நீங்க வரைவாளரா இருந்தவர்தானே?" என்று எதிர்க்கேள்விச் சாமியார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். வரைந்தேன். கைப்பட்டி, துளை, கட்டைவிரல், துணி சுருங்குகிற திசை. ரப்பர் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கோட்டைக்கூட நான் அழிக்கவில்லை.

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, தானே கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி எனக்குக் கொடுத்தார். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"தண்ணி குடிங்க ஐயா," என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பழக்கம் என் அம்மாவுக்கே தெரியாது. எனக்கே போன மாதம் வரை தெரியாது. அப்படியிருக்க, அதைப் பற்றி ஒரு வெளி மனிதருக்குக் கேட்கத் தோன்றுமா? யாரும் சொல்லாமல் தோன்றுமா?

கடலுக்கு அந்தப் பக்கம், கடைசியில் அவன் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் சட்டையில், ஒரு துளை கிழிந்திருக்க வேண்டும்.

நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஏப்ரல் 7

அக்கா காலையிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னடா கேட்டாங்க?"

"சொல்லக் கூடாதுக்கா. சத்தியம்."

"நீ என்ன சொன்ன?"

"அதையும்தான்."

"சொல்லிட்ட," என்றாள். "நீ வாயே திறக்க வேணாம். மூச்சு விடறதுலயே தெரியுது." தட்டை வைத்தாள். சத்தம் இல்லாமல் வைத்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வரி. அவள் இத்தனை காலமாகச் சுமக்கிற 'தனியாக' என்ற சொல்லை என்னால் இறக்கி வைக்க முடியும். ஆனால் அந்த வரியைத்தான் சொல்ல மாட்டேன் என்று கை வைத்திருக்கிறேன். விசாரணை முடிய வருடங்கள் ஆகுமாம். அவளுக்கு அத்தனை வருடங்கள் இருக்கின்றனவா? கடவுளே, நான் ஏன் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்? அந்தச் சத்தியத்துக்கும் பயப்படுகிறேனே!

ஏப்ரல் 9

நாலைந்து முறை சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஏப்ரல் 18

சாயங்காலம். ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் படம் இருக்கிற சுவரில் விழுந்திருந்தது. நான் நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அக்கா உள்ளே வந்தாள். கையில் விளக்கு இல்லை. பழக்கத்தில் படத்தின் முன்னால் போய் நின்றாள். வெள்ளை வட்டத்தைத் தேடினாள் என்று நினைக்கிறேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"சின்னவனே."

"என்னக்கா?"

"ரெண்டு நிழலா தெரியுதுடா. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

"ஆமா. சிறுசு நான்."

"ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க."

"ஆமா."

"எங்க பிடிச்சிருக்கான்?"

எழுந்து போய் அவள் விரலைப் பிடித்து, கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கண்ணாடி வழவழப்புதான். ஆனாலும் விரலை எடுக்கவில்லை. பிறகு என் இடது கையைத் தடவித் தேடி, கைப்பட்டியைக் கண்டுபிடித்து, பொத்தான் துளையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா தனியா நிக்கறான், தனியா நிக்கறான்னு விளக்கு வச்சேன்," என்றாள். "தனியா இல்ல பாரு அவன்."

அவள் சொன்னது படத்தை. எனக்குத் தெரியும். படத்தைத்தான்.

"இல்லக்கா," என்றேன். "தனியா இல்ல."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். தலையை என் பக்கம் திருப்பி, மங்கலான கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கைப்பட்டியையும் விடவில்லை. வெயில் இறங்கி, சுவரிலிருந்து தரைக்கு வந்து, எங்கள் காலடியில் கொஞ்ச நேரம் ஈரம் போலக் கிடந்தது.

சத்தியத்தை மீறினேனா? தெரியவில்லை. மீறியிருந்தால் என் கணக்கில் இருக்கட்டும்.

மே 4

அக்கா இப்போதும் சமையலறை ஜன்னலில்தான் விளக்கு வைக்கிறாள். எனக்குப் பாத்திரம் தெரிய வேண்டுமே என்பதற்காகவாம்.

மேசையை ஒழுங்கு செய்தபோது பிப்ரவரியில் எழுதிய குறிப்புத் தாள் கிடைத்தது. பையில் மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. படித்துப் பார்த்தேன். ஐந்தாவதைப் பற்றி, அவன் தனியாக நின்று இறந்தது பற்றி, எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆறாவது, விளக்கு இடம் மாறியதிலிருந்து, பெரும்பாலும் உண்மை.

ரப்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். எழுதியதும் இருக்கட்டும், அதன் பக்கத்தில் இதுவும் இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதினேன்: நாலாவது தவறு.